கஸ்தூரியின் தோளும் என் ஆங்கிலமும்

1

கோலார் தங்க வயலில் என்னோடு பள்ளியில் படித்தவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆளுக்கொரு கட்டுரை அனுப்ப வேண்டுமாம். "பனி பெய்யறதப் பத்தி எழுதுப்பா, நம்ம ஜனங்க ஆசையாப் படிப்பாங்க" என்று போனில் சொன்னான் தேவராஜ். எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் பிறந்து, இன்னும் அங்கேயே இருப்பவன்.

பனியைப் பற்றி என்னிடம் இரண்டு வரிதான் இருக்கிறது. முதல் நாள் வெள்ளையாக இருக்கும். மறுநாள் அழுக்காகிவிடும். தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டில் காற்றடித்தால் சோற்றுத் தட்டு வரைக்கும் வந்து உட்காரும் தூளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை.

அதனால் வேறு விஷயம் எழுதுகிறேன். இந்த மாதத்தோடு எங்கள் கார் விபத்து நடந்து இரண்டு வருடம் முடிகிறது. கார் ஓட்டியது நான். அடிபட்டது என் மனைவி கஸ்தூரிக்கு, வலது தோளில். அடிபட்டது நிஜம் என்று நிரூபிக்க ஒரு வழக்குப் போட்டோம். அந்த வழக்கில் எங்களுக்கு எதிராகப் பேசிய முக்கியமான சாட்சி நான்தான். எதிர்த்தரப்பு என்னை விலைக்கு வாங்கவில்லை. வழக்கு தொடங்குவதற்கு வெகு முன்பே, இலவசமாக, நல்ல ஆங்கிலத்தில் சாட்சி சொல்லி முடித்திருந்தேன்.

பனியைவிட இது படிக்கத் தகுந்தது என்று நினைக்கிறேன்.

2

மகள் அனிதா எங்களை இங்கே அழைத்து வந்த புதிதில் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். பிறகு அவளுக்கு வேறு மாநிலத்தில் வேலை மாறியது. பேரப்பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளி, புது வீடு. எங்களுக்கு அங்கே ஒரு அறை இருக்கிறது என்றுதான் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். கடை, நூலகம், கோயில் எல்லாம் இங்கே பழகிவிட்டன. எழுபதைத் தொட்ட பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கியிருந்தேன். அந்த லைசென்ஸை தேவராஜுக்குப் படம் எடுத்து அனுப்பினேன் என்றால் என் பெருமையைப் புரிந்துகொள்ளலாம்.

ஞாயிறுதோறும் அனிதா வீடியோவில் வருவாள். "அம்மா, எப்படி இருக்கே?" என்பாள். "நல்லா கீறேன், நீ சாப்டியா?" என்பாள் கஸ்தூரி. பேரப்பிள்ளைகள் திரையின் ஓரத்தில் ஒரு முறை கையசைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். அவர்களுடைய தமிழ் "ஹாய் தாத்தா"வோடு முடிந்துவிட்டது. கஸ்தூரியின் ஆங்கிலமும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். அதனால் கடைக்காரன், டாக்டர், பேங்க், பக்கத்து வீடு என்று இந்த நாட்டில் அவள் யாரோடு பேசினாலும் நடுவில் நான் நின்றேன். நின்றதில் எனக்குச் சந்தோஷம்தான்.

விபத்து ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. காய்கறி வாங்கத் திரும்பும் முனையில், நின்று வர வேண்டிய ஒரு கார் நிற்காமல் வந்து கஸ்தூரி உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவில் மோதியது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவள் வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு, "ஐயோ, புடுங்கிகிச்சிங்க, உள்ள என்னமோ புடுங்கிகிச்சி" என்றாள். மோதிய பையன் கண் கலங்கி நின்றான். தப்பு தன்னுடையதுதான் என்று போலீஸ்காரரிடம் ஒப்புக்கொண்டான். போலீஸ்காரர் குனிந்து கஸ்தூரியைப் பார்த்து, "அம்மா, உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்றார்.

நான் முந்திக்கொண்டேன். "நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம் ஆபீசர். நன்றி."

ஆம்புலன்ஸ் வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன். வயதானவர்கள் எவ்வளவு நிதானம் என்று அவர் மெச்சியதுபோல எனக்குத் தோன்றியது. கஸ்தூரி என்னைப் பார்த்து, "இன்னா சொன்னீங்க?" என்றாள்.

"ஒன்னும் பயப்படற மாதிரி இல்லன்னு சொன்னேன்."

"யாருக்கு?"

நான் போலீஸ்காரரிடம் என் லைசென்ஸை எடுத்து நீட்டினேன்.

3

இந்த மாநிலத்துச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காரில் அடிபட்டால், யார் மேல் தப்பு இருந்தாலும், ஆரம்ப வைத்தியச் செலவை நம்முடைய இன்ஷூரன்ஸே கொடுத்துவிடும். ஆனால் அடித்தவன் மேல் வழக்குப் போட வேண்டுமானால் காயம் 'கடுமையானது' என்று நிரூபிக்க வேண்டும். வலிக்கிறது என்றால் போதாது. எலும்பு உடைந்திருக்க வேண்டும், அல்லது ஓர் உறுப்பு நிரந்தரமாக முன்போல் இயங்கவில்லை என்று காட்ட வேண்டும், அல்லது விபத்துக்குப் பிறகு வந்த ஆறு மாதத்தில் பாதி நாளாவது வழக்கமான வேலைகளைச் செய்ய முடியவில்லை என்று காட்ட வேண்டும்.

கஸ்தூரிக்கு எலும்பு உடையவில்லை. தோளுக்குள் இருக்கும் தசைநார் கிழிந்திருந்தது. அது தெரியவே நாலைந்து மாதம் ஆனது, ஏனென்றால் அதுவரை ஸ்கேன் எடுக்கும் அளவுக்கு வலி இருப்பதாக எந்த டாக்டருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது நான்.

முதல் முறை டாக்டரிடம் போனபோது நர்ஸ் ஒரு அட்டையை நீட்டினாள். வரிசையாக முகங்கள். ஒரு கோடியில் சிரிக்கும் முகம், மறு கோடியில் அழும் முகம், ஒவ்வொன்றின் கீழும் ஒரு எண். கஸ்தூரி அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு அழும் முகத்துக்கு முந்தின முகத்தின் மேல் விரலை வைத்தாள்.

"அவளுக்குக் கேள்வி சரியாகப் புரியவில்லை" என்று நர்ஸிடம் சொன்னேன். "விபத்து நடந்த அன்றைக்கு இருந்ததைக் காட்டுகிறாள். இப்போது மூன்று என்று போட்டுக்கொள்ளுங்கள்."

டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். கஸ்தூரி பாதி தூக்கி, பல்லைக் கடித்து, "இதுக்கு மேல போவலிங்க, குடையுது" என்றாள். லேசான அசௌகரியம் என்றேன். வீட்டு வேலை செய்ய முடிகிறதா என்று கேட்டார். "எங்க செய்யறது, ஒத்தக் கையில உருட்டிகினு கீறேன்" என்றாள். எல்லாம் சமாளிக்கிறாள் என்றேன். அடுத்தடுத்த தடவைகளிலும் இதே கதைதான். அவர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே இருந்தார். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அங்கே கஸ்தூரி சொன்னதாகப் பதிவானது.

அனிதா ஒருமுறை நேரில் வந்தாள். அம்மா தோசைக் கல்லை இடது கையால் தூக்குவதைப் பார்த்துவிட்டு அவளே வேறு டாக்டரிடம் அழைத்துப் போனாள். ஸ்கேன் வந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் கை இப்படியே நின்றுவிடும் என்றார்கள். அதற்குள் இன்ஷூரன்ஸ் தன் சார்பில் ஒரு டாக்டரை வைத்துப் பார்த்தது. அவர் பழைய குறிப்புகளைப் புரட்டிவிட்டு, இது வயதானால் எல்லோருக்கும் வரும் தேய்மானம், விபத்துக்குச் சம்பந்தம் இல்லை என்று எழுதினார். வைத்தியச் செலவு நின்றது. எங்களுக்கு இங்கே வேறு மருத்துவக் காப்பீடு இல்லை. வழக்கு ஜெயித்தால் ஆபரேஷன், இல்லையென்றால் கை அவ்வளவுதான்.

எங்கள் வக்கீல் ரோஸா என்ற நடுவயதுப் பெண்மணி. பழைய குறிப்புகளை என் முன்னால் பரப்பி, "ஸ்கேன் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், கை எவ்வளவு தூக்க முடிகிறது என்று கருவி வைத்து அளந்தும் ஆகிவிட்டது. ஆனால் உங்கள் மனைவியே முதல் நாலு மாதமும் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறாரே, ஏன்?" என்று கேட்டார்.

அவளுக்கு அப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்றேன். அன்றைக்கும் உண்மை வாயில் வரவில்லை.

4

இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் இளையவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் சுரங்க ஆபீஸில் கிளார்க், தொழிலாளிகளுக்கு 'ரைட்டர் சார்'. காயம்பட்டு, வைத்தியம் முடிந்து திரும்பி வரும் தொழிலாளிகளை டாக்டர்கள் பார்த்து வேலைக்குத் தகுதி உண்டா இல்லையா என்று எழுதும் நாளில், பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பதும் என் தலையில் விழுந்தது. வெளியூர் டாக்டர்கள் வருவார்கள். ஆங்கிலமோ கன்னடமோ பேசுவார்கள். எனக்கு இரண்டும் தெரியும். 'பிட்' என்று எழுதினால் அந்த ஆள் அடுத்த ஷிப்டுக்கு கேஜ் என்ற சுரங்க லிப்டில் ஏறிக் கீழே போகலாம். 'அன்பிட்' என்றால் மேலே ஏதாவது லேசான வேலை. கீழே போகிறவனுக்குக் கிடைக்கும் அலவன்ஸ் போய்விடும். வேலையே போய், குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டி வருமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அதனால் உள்ளே நுழையும் முன்பே என் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

முனுசாமி என்று ஒரு டிம்பர்மேன், கீழே பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுப்பவன். முதுகில் கல் விழுந்து படுத்திருந்து வந்தான். வாசலிலேயே என்னைப் பிடித்தான்.

"ரைட்டர் சார், நோவுன்னு ஒரு வார்த்த உள்ள போச்சி, எங்க வூட்டுக்காரிய இட்டாந்து உங்க வாசல்ல குந்த வெச்சிடுவேன். அவ வாய உனக்குத் தெரியும்."

டாக்டர் அவனைக் குப்புறப் படுக்க வைத்து முதுகெலும்பை அழுத்தினார். முனுசாமியின் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது.

"இன்னா கேக்கறாரு?" என்றான் மெத்தைக்குள் முகத்தை வைத்தபடி.

"நோவுதான்னு கேக்கறாரு."

"டாக்டரு கை பஞ்சாட்டம் கீது, தூக்கம் வருதுன்னு சொல்லு."

நோவு இல்லை என்கிறான் என்று டாக்டரிடம் சொன்னேன். வெளியே வந்த முனுசாமி படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியாமல் இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். ஆனாலும் கை கூப்பிவிட்டுத்தான் போனான். அடுத்த வாரம் கீழே இறங்கிவிட்டான்.

இப்படி எத்தனையோ பேர். வலியைக் குறைத்துச் சொல்வதுதான் உதவி என்று என் நாக்கு பழகிவிட்டது. ரைட்டர் சார் நல்லவர் என்று ஊரில் பெயர். சுரங்கம் மூடிய பிறகும் அந்தப் பெயர் மிச்சம் இருந்தது. அதைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்து இங்கேயும் கொண்டுவந்தேன். இங்கே வலியைக் குறைத்துச் சொன்னால் ஆளைப் பிழைக்க விடமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

5

இங்கே வழக்கு நீதிபதியின் முன்னால் போவதற்கு முன்பே, எதிர்த்தரப்பு வக்கீல் நம்மை ஒரு ஆபீஸ் அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கேட்பார். ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் தட்டெழுதுவாள். முதலில் கஸ்தூரி, மதியத்துக்கு மேல் நான் என்று ஏற்பாடு. கணவன் என்ற முறையில் வழக்கில் என் பெயரும் இருந்ததால் நானும் அறையில் இருக்கலாம். ஆனால் வாய் திறக்கக் கூடாது. மொழிபெயர்க்க ஒரு பெண்ணை வரவழைத்திருந்தார்கள். பெயர் சுகந்தி. யாழ்ப்பாணத்துக்காரர்.

"அம்மா, நீங்கள் சொல்லுறதை நான் அப்பிடியே இங்கிலீசில சொல்லுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். விளங்காட்டி கேளுங்கோ" என்றார் சுகந்தி.

"நீ சிலோனாம்மா? உன் பேச்சு கேக்க நல்லா கீது" என்றாள் கஸ்தூரி.

சத்தியம் வாங்கி முடிந்திருந்ததால் சுகந்தி அதையும் முகம் மாறாமல் ஆங்கிலத்தில் சொன்னார். தட்டெழுதும் பெண் அதையும் எழுதினாள். எதிர்த்தரப்பு வக்கீல், இளைஞர், மரியாதையான பையன், நன்றி சொல்வதா வேண்டாமா என்று ஒரு நிமிடம் தடுமாறினார்.

பிறகு அவர் காகிதங்களை எடுத்தார். விபத்து நடந்த இடத்தில் போலீஸ்காரரிடம் நன்றாக இருப்பதாகச் சொன்னீர்களா? டாக்டரிடம் வலி மூன்று என்று சொன்னீர்களா? லேசான அசௌகரியம் என்று சொன்னீர்களா? வீட்டு வேலைகளைச் சமாளிக்கிறேன் என்று சொன்னீர்களா?

கேள்விகள் தமிழில் கஸ்தூரிக்குப் போய்ச் சேரும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். போலீஸிடமும் டாக்டரிடமும் நான் என்ன சொன்னேன் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்தது. ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு என் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். கோபம் இருந்ததாக நினைவில்லை.

"ஆமாங்க" என்றாள். "நான்தான் சொன்னேன்."

"எல்லாமே நீங்கள் சொன்னதா?"

"எல்லாம் நான்தான். அப்ப அப்படித்தான் இருந்திச்சி."

சுகந்தி அதை ஆங்கிலத்தில் சொன்னார். ரோஸா பேனாவை மேஜை மேல் வைத்துவிட்டார்.

6

மதிய இடைவேளையில் ரோஸா என்னைத் தனியாக அழைத்தார். உங்கள் மனைவி என்ன சொல்ல வேண்டும் என்று நானோ நீங்களோ சொல்லிக் கொடுக்கக் கூடாது, அது குற்றம் என்றார். "ஆனால் அடுத்து உட்காரப் போவது நீங்கள். உண்மை வேறு ஏதாவது இருந்தால் அங்கே சொல்லுங்கள்." அவருக்கு எப்போதோ சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கூடத்தில் ஒரு பெஞ்சில் கஸ்தூரி எலுமிச்சை சாத டப்பாவைத் திறந்து இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"பின்ன இன்னா சொல்லச் சொல்றீங்க? எம்மாம் பேரு குந்திகினு கீறாங்க. எங்க வூட்டுக்காரரு மாத்திச் சொல்லிட்டாருன்னு சொல்றதா? ஊரே ரைட்டர் சாரு இங்கிலீஷு, ரைட்டர் சாரு இங்கிலீஷுன்னு சொல்லிச்சி."

"உன் கை போயிடும் கஸ்தூரி."

"போனா போவுது, இன்னொன்னு கீதில்ல." ஒரு வாய் சாப்பிட்டாள். "நீங்க உள்ள போய் எக்குத்தப்பா ஏதாச்சும் ஒளறிட்டு வராதீங்க, இன்னா? உப்பு போதுமா பாருங்க."

உப்பு போதுமாக இருந்தது.

எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொல்லி ஆங்கிலத்திலேயே சத்தியம் செய்தேன். சுகந்தி கஸ்தூரியின் பக்கத்தில் உட்கார்ந்து, நான் பேசுவதை மெல்லிய குரலில் அவள் காதில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் கேள்விக்கே சொல்லிவிட்டேன். டாக்டரிடம் போன வார்த்தைகள் என் மனைவியுடையவை அல்ல, என்னுடையவை. அவள் சொன்னது வேறு. நான் குறைத்துச் சொன்னேன். காலையில் அவள் சொன்னது என்னைக் காப்பாற்றுவதற்காக.

வக்கீல் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியானால் டாக்டரிடம் பொய் சொன்னீர்கள்?"

"ஆமாம்."

"ஏன்?"

சுரங்கத்தைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் பக்கத்தில் நின்றதை, வலியைக் குறைத்துச் சொன்னதை எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆக, காயங்களைப் பற்றித் தவறாகச் சொல்வது உங்களுக்குப் பல வருடப் பழக்கம்."

"ஆமாம்."

"உங்கள் மனைவியை இங்கே யாரும் வேலையை விட்டு அனுப்பப் போவதில்லையே. அந்தப் பழக்கம் மட்டும்தான் காரணமா?"

எனக்கே நான் சொல்லிக்கொள்ளாத ஒன்றை ஒரு அந்நியப் பையன் கேட்கிறான். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன். கார் ஓட்டியது நான். அவளை அந்தப் பக்கம் உட்காரவைத்து அந்த முனையில் திருப்பியது நான். சட்டப்படி தப்பு என் மேல் இல்லை. ஆனால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் எனக்கு வீட்டில் தூக்கம் வரும். அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். டாக்டருக்குச் சொன்னது பாதி, எனக்குச் சொன்னது பாதி.

தட்டெழுதும் சத்தமும் சுகந்தியின் மெல்லிய குரலும் நான் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் தொடர்ந்தன.

"சரி" என்றார் வக்கீல். "அப்போது பொய் சொன்ன நீங்கள் இப்போது சொல்வதை மட்டும் நாங்கள் ஏன் நம்ப வேண்டும்?"

"நம்ப வேண்டாம். அவளைக் கேளுங்கள்."

ரோஸா கேட்டுக்கொண்டதன் பேரில் கஸ்தூரியை மறுபடி உட்காரவைத்தார்கள். காலையில் சொன்னது நிஜமா, கணவர் சொன்னது நிஜமா என்று கேட்டார் வக்கீல்.

"அவரு சொன்னதுதான் நெசம். காலீல நான் சொன்னது பொய். எழுதிக்குங்க."

"ஏன் பொய் சொன்னீர்கள்?"

"அவரு மானம் போவக் கூடாதுன்னுதான். இப்ப அவரே போக்கிகினாரு, நான் இன்னா பண்றது."

சுகந்தி சொல்லி முடித்ததும் தட்டெழுதும் பெண் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். வலி எப்படி இருக்கிறது என்று கஸ்தூரியையே சொல்லச் சொல்லுங்கள் என்றார் ரோஸா. கஸ்தூரி கொஞ்சம் யோசித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், சுகந்தியைப் பார்த்துப் பேசினாள்.

"கீழ மைன்ல ட்ரில்லு மிஷினு வெச்சி பாறைய குடைவாங்கம்மா. அந்தாட்டம் தோளுக்குள்ள குடையுது."

"குடையுறது எண்டா, துளைக்கிற மாதிரியோ அம்மா?"

"ஆமாம்மா. வுட்டு வுட்டு துளைக்கும். நைட்ல படுத்தா ஜாஸ்தி ஆயிடுது. சோபாவுல தலகாணிய அண்டக் குடுத்து குந்திகினேதான் தூங்கறேன். அவரு கொறட்டை தாங்காம வந்துட்டேன்னு அவராண்ட சொல்லி வெச்சிகீறேன். ஜடை பின்ன கை போவல, அதான் முடிய வெட்டிகினேன். இன்னாத்துக்குன்னு கேட்டாரு. வெயிலுக்கு இதான் நல்லதுன்னேன். இந்த ஊர்ல வெயில் எங்க கீது? அதுக்கும் சரின்னுட்டாரு. அரிசி டப்பா மேல் தட்டுல கீது. ஸ்டூல் போட்டு இடது கையில எடுப்பேன். ஒரு நாள் ஸ்டூலோட வியுந்தேன். சொல்லல."

சுகந்தி ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னார். கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு என் மனைவியின் வலியை ஆங்கிலத்தில், இன்னொருத்தர் வாயால், அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டேன். தமிழில் நான் அதைக் கேட்டிருக்கவே இல்லை. மொழிபெயர்ப்பதற்காகக் காது கொடுத்தவன், எதைக் குறைக்கலாம் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினோம். எங்கள் தெருவில் திரும்பும்போது, "கொறட்டை விடறதும் நெசந்தான்" என்றாள்.

7

எதிர்த்தரப்பு, காயம் கடுமையானது அல்ல, வழக்கைத் தள்ளுங்கள் என்று நீதிபதியிடம் கேட்டது. போன மாதம் உத்தரவு வந்தது. தள்ள மறுத்துவிட்டார். காயம் தேய்மானமா விபத்தா என்பதை ஜூரி கேட்டு முடிவு செய்யட்டும் என்று எழுதியிருந்தார். ஜூரி வரைக்கும் போக எதிர்த்தரப்புக்கு விருப்பமில்லை. சமாதானமாகப் பேசி முடித்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. நாள் தள்ளிப் போனதால் கை தோள் உயரத்துக்கு மேல் வருவது கஷ்டம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்த நாட்களைத் தள்ளிப்போட்டது நான். எந்த நீதிபதியும் அதை எனக்கு மாற்றித் தர முடியாது.

ரோஸா உத்தரவின் நகலைத் தபாலில் அனுப்பியிருந்தார். கஸ்தூரி சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"படிங்க. தமிழ்ல. எத்தையும் முயுங்காம படிங்க."

நின்றபடியே ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். ஸ்கேன், டாக்டர்கள், அளவுகள் எல்லாவற்றையும் தாண்டி என் பத்தி வந்தது.

"'கணவரின் மொழிபெயர்ப்பு நம்பத் தகுந்ததாக இல்லை. இந்த அம்மாளின் காயத்தைப் பற்றி எதையும் தீர்மானிப்பதற்கு அவர் சொன்னதை ஆதாரமாகக் கொள்ள முடியாது.'"

"யாரு, உங்களையா?"

"என்னத்தான்."

"ஜட்ஜே எய்திட்டாரா?"

"கையெழுத்துப் போட்டு."

பீன்ஸைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது, வலித்திருக்கும், இருந்தாலும் சிரித்தாள். அந்த வரியால்தான் வழக்கு பிழைத்தது என்று அவளுக்குச் சொன்னேன். டாக்டரின் பழைய குறிப்புகள் என் வார்த்தைகள்தான், என் வார்த்தை செல்லாது என்றால் குறிப்புகளும் செல்லாது. ஆங்கிலத்தில் நான் அவளுக்குச் செய்த ஒரே நல்ல காரியம், நம்ப முடியாதவன் என்று பெயர் வாங்கியதுதான்.

"அப்பறம்?" என்றாள்.

"'வாதி படுத்துத் தூங்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்குவதாகச் சொல்கிறார். தலையைப் பின்ன முடியாததால் முடியை வெட்டிக்கொண்டதாகச் சொல்கிறார். தோளுக்குள், சுரங்கத்தில் இயந்திரம் பாறையைத் துளைப்பதுபோல் விட்டு விட்டுத் துளைக்கிறது என்கிறார்.'"

கத்தி நின்றது.

"பாறைன்னு போட்டு கீதா?"

"போட்டிருக்கு."

"தொளைக்குதுன்னு?"

"அதுவும் இருக்கு. விட்டு விட்டுன்னும் போட்டிருக்கு."

"நான் சொன்னாப்பலயே கீதே" என்றாள். கத்தியை வைத்துவிட்டு, இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இன்னொரு வாட்டி படிங்க. மெதுவா."

படித்தேன்.